மொட்டைமாடியிலிருந்து விண்மீன் திரள்கள்: சிறிய தொலைநோக்கியில் படம் எடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: கோவைக்கு வெளியே வீடு. 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டோனியன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கி, அதைத் தாங்கித் திருப்ப அதோடு வந்த ஈக்யூ2 மவுண்ட், ஒற்றை மோட்டார், 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர். எம்51 விண்மீன் திரளை 30 விநாடி எடுத்தால் இழுபட்ட நட்சத்திரங்களும் சாம்பல் புகையும்தான் கிடைக்கின்றன. பெரிய தொலைநோக்கி வாங்கினால்தான் முடியுமா? எதை முதலில் மாற்றுவது?

தொலைநோக்கியை மாற்ற வேண்டாம். 130 மி.மீ. ஆடி இந்த வேலைக்குத் தாராளம். 50 மி.மீ. லென்ஸ் மட்டுமே உள்ள சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கிக் கருவிகளிலேயே எம்51இன் சுருள் கரங்கள் தெரிகின்றன. மாற்ற வேண்டியது மவுண்ட். கூட்ட வேண்டியது மொத்த எக்ஸ்போஷர் நேரம், அதாவது கேமரா ஒளியைச் சேர்க்கும் நேரம். பெரிதாக்கத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். உங்கள் கேமராவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3.7 மைக்ரான், 650 மி.மீ. குவியத் தூரத்தில் அது வானத்தில் 1.2 ஆர்க்செகண்டைப் பிடிக்கும். ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. காற்றின் நடுக்கமே நட்சத்திரத்தை 2, 3 ஆர்க்செகண்ட் அகலத்துக்குப் பரப்பிவிடுவதால், இதற்கு மேல் பெரிதாக்கினால் நுணுக்கம் கூடாது, ஒளிதான் மெலியும். இப்போதே எம்51 உங்கள் படத்தில் 550 பிக்சல் நீளத்துக்கு வரும். அது நல்ல அளவு.

சாம்பல் புகை எங்கிருந்து வருகிறது

இந்தக் கணக்கு புரிந்தால் மற்ற முடிவுகளெல்லாம் எளிது. ஒளியை மேக்னிட்யூட்டில் அளக்கிறோம். எண் கூடக்கூட ஒளி குறைவு. 5 கூடினால் நூறில் ஒரு பங்கு. எம்51 8.4 மேக்னிட்யூட் என்று பட்டியல்களில் இருக்கும். அதன் ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் குவித்தால் வரும் எண் அது. உண்மையில் அந்த ஒளி 11க்கு 7 ஆர்க்மினிட் (ஓர் ஆர்க்மினிட் 60 ஆர்க்செகண்ட்) பரப்பில் பரவிக் கிடக்கிறது. பரப்பால் வகுத்தால் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்குச் சராசரி 21.7 மேக்னிட்யூட்தான் வரும். பெருநகரத்தின் நடுவில் வெறும் வானமே சதுர ஆர்க்செகண்டுக்கு 18 மேக்னிட்யூட் ஒளிர்கிறது. அதாவது விண்மீன் திரளின் ஒளி, அதன் மேல் படிந்திருக்கும் வான வெளிச்சத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஊர் விளிம்பில் 19.5 என்று வைத்துக்கொண்டாலும் ஏழெட்டில் ஒரு பங்குதான். உங்கள் படத்தின் சாம்பல் நிறம் கருவியின் கோளாறு அல்ல, வானத்தின் வெளிச்சம். விண்மீன் திரள் அதற்குள்ளேயே இருக்கிறது. வானத்தைக் கழித்து, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைத்தால் வெளியே வரும்.

இரைச்சலைக் குறைக்க முதல் வழி நேரம். எக்ஸ்போஷரை நான்கு மடங்காக்கினால் தெளிவு இரண்டு மடங்காகும். ஒரு மணி நேரப் படத்துக்கும் நான்கு மணி நேரப் படத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு உடனே தெரியும். நான்குக்கும் ஐந்துக்கும் இடையே தெரியாது. இருண்ட வானத்தின் வலிமையும் இதே கணக்கில் இருக்கிறது. 21.5 மேக்னிட்யூட் உள்ள மலைப்பகுதி வானம், 18 உள்ள நகர வானத்தைவிட 25 மடங்கு இருண்டது. அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பதை நகரத்தில் எடுக்க 25 மணி நேரம் ஆகும். மாதம் ஒரு முறை காரில் கருவியை ஏற்றிக்கொண்டு போக முடிந்தால், எந்த விலையுயர்ந்த உதிரிப்பாகமும் அதற்கு ஈடில்லை.

ஒளிமாசு ஃபில்டர் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். விண்மீன் திரளுக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஹைட்ரஜன், ஆக்சிஜன் வரிகளை மட்டும் விடும் இரட்டைப் பட்டை ஃபில்டர்கள் நெபுலாக்கள் என்ற வாயு மேகங்களுக்கு அற்புதமாக உதவும். ஏனென்றால் நெபுலா அந்த வரிகளில்தான் ஒளிர்கிறது. விண்மீன் திரளின் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. அது எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது. ஃபில்டர் வானத்தோடு சேர்த்து அதையும் வெட்டிவிடும். சோடியம் விளக்குக் காலத்தில் அகலப் பட்டை ஃபில்டர்களால் ஓரளவு பலன் இருந்தது. தெருவெல்லாம் வெள்ளை எல்இடி வந்தபின் அதுவும் போய்விட்டது. அந்தப் பணத்தை மவுண்ட்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

எதை எடுப்பது

தொடங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எம்101 7.9 மேக்னிட்யூட், எம்104 8.0 மேக்னிட்யூட். எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எம்101 ஏறக்குறைய முழுநிலா அளவுக்கு, 28 ஆர்க்மினிட் அகலத்தில் பரந்தது, பரப்பொளி, அதாவது ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கான சராசரி மேக்னிட்யூட், 23.7ஐ ஒட்டி. எம்104 8.7க்கு 3.5 ஆர்க்மினிட்டில் அடங்கியது, பரப்பொளி 20.3. நகர வானத்தில் எம்104 பின்னணியில் எட்டில் ஒரு பங்கு ஒளிரும், எம்101 இருநூறில் ஒரு பங்கு. முதல் படத்துக்கு எம்101ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு மனம் உடைந்து கருவியை விற்றுவிடாதீர்கள்.

நம் ஊர் அட்சரேகை இதில் பெரிய வரம். தமிழ்நாடு 8 முதல் 13.5 டிகிரி வடக்கில் இருக்கிறது. சிம்மத்திலும் கன்னியிலும் உள்ள விண்மீன் திரள்களில் பல, 12, 13 டிகிரி வடக்கு விலக்கத்தில் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அளக்கும் கோணம்) இருப்பவை. அதனால் அவை கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே கடக்கின்றன. காற்றும் தூசியும் மிகக் குறைவாக உள்ள பகுதி அது. பூரம் நட்சத்திரத்தின் இரண்டு விண்மீன்களில் தெற்கே உள்ளதற்குச் சற்றுக் கீழே எம்65, எம்66, என்ஜிசி 3628 ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் அடங்கும். தூரம் ஏறத்தாழ 3.5 கோடி ஒளியாண்டு. உங்கள் கருவியின் பார்வைப் புலம் 2 டிகிரிக்கு 1.3 டிகிரி. மூன்றையும் வைத்த பிறகும் சுற்றிலும் இடம் இருக்கும். உத்திர நட்சத்திரத்துக்கும் கன்னி ராசியின் விண்டெமியாட்ரிக்ஸ் என்ற நட்சத்திரத்துக்கும் நடுவில் மார்க்கேரியன் சங்கிலி இருக்கிறது. எம்84, எம்86 தொடங்கி விண்மீன் திரள்கள் வளைந்த வரிசையாக நிற்கும். கன்னித் திரள்கூட்டத்தின் மையப் பகுதி அது, தூரம் 5 கோடி ஒளியாண்டுக்கு மேல். என் பரிந்துரை இந்த இரண்டில் ஒன்றுதான். ஒரே படத்தில் பல திரள்கள் வருவதால், ஒன்று சரியாக அமையாவிட்டாலும் மற்றவை கைவிடாது.

எம்51 வடக்கே 47 டிகிரி விலக்கத்தில் இருப்பதால் நமக்கு 54 டிகிரி உயரம்வரை ஏறும். பரவாயில்லை, ஆனால் ஐரோப்பியர்களுக்கு அது உச்சியில் போகும். எம்81, எம்82 இன்னும் மோசம், கோவையிலிருந்து 32 டிகிரியைத் தாண்டாது. அவர்கள் எழுதும் 'முதல் பத்து' பட்டியல்களில் இவையெல்லாம் முதலில் இருக்கும். அப்படியே பின்பற்ற வேண்டாம். பதிலாக அவர்கள் பார்க்கவே முடியாதவை நமக்கு உண்டு. நடுவில் கருந்தூசிப் பட்டையோடு இருக்கும் செண்டாரஸ் ஏ, அதாவது என்ஜிசி 5128, லண்டனில் உதிப்பதே இல்லை. நமக்கு 36 டிகிரி உயரத்துக்கு வரும். எம்83 49 டிகிரிக்கு வரும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்த காரணங்களில் ஒன்றும் இதுதான்: நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் இரு அரைக்கோளங்களின் வானமும் அங்கே எட்டும்.

காலம்? மாசி, பங்குனி, சித்திரை. சிம்மக் கூட்டம் மார்ச் நடுவில் நள்ளிரவில் உச்சிக்கு வரும், கன்னிக் கூட்டம் மார்ச் இறுதியில், எம்51, எம்83, செண்டாரஸ் ஏ மூன்றும் ஏப்ரல் நடுவில். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி உத்திரத்தன்று முழுநிலா உத்திரத்தை ஒட்டியே நிற்கும். அதாவது நீங்கள் எடுக்க விரும்பும் இடத்திலேயே விளக்கு எரியும். அன்று கருவிக்கு ஓய்வு. ஆண்ட்ரோமீடா எம்31, எம்33, என்ஜிசி 253 ஆகியவை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நன்றாக வரும். அந்தச் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிக்கொள்கிறது. மழைக்கு நடுவே ஓர் இரவு திறந்தால் விட்டுவிடாதீர்கள். மழை கழுவிய காற்று மிகத் தெளிவாக இருக்கும்.

மவுண்ட்டும் துருவமும்

வானம் விநாடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. உங்கள் ஒரு பிக்சல் 1.2 ஆர்க்செகண்ட். ஆகவே ஒரு நிமிடம் முழுவதும் மவுண்ட் ஒரு பிக்சல் அளவுக்குள் துல்லியமாக ஓட வேண்டும். ஈக்யூ2 இதற்குச் செய்யப்பட்டதல்ல. ஈக்யூ5 வகையில் இரு அச்சிலும் கோ-டு மோட்டார் (இலக்கைத் தானே தேடித் திரும்பும் வசதி) உள்ளது குறைந்தபட்சம். ஹெச்ஈக்யூ5 கிடைத்தால் நிம்மதி. நிறுவனம் சொல்லும் சுமையளவில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே ஏற்றுங்கள். அந்த எண் கண்ணால் பார்ப்பதற்குச் சொல்லப்பட்டது. படம் எடுக்கும்போது காற்றின் சிறு தள்ளலும் நட்சத்திரத்தை முட்டையாக்கும்.

ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்ட்டின் ஓட்டத்தைத் தானாகத் திருத்தும் ஆட்டோகைடிங் இல்லாமல் நல்ல படம் அரிது. இந்த விலை மவுண்ட்களில் பற்சக்கரத்தின் ஒரு சுற்றுக்குள் நட்சத்திரம் முன்னும் பின்னும் 20, 30 ஆர்க்செகண்ட் ஊசலாடுவது வழக்கம். 30 முதல் 50 மி.மீ. வரையுள்ள சிறு கைடு தொலைநோக்கி, அதில் ஒரு சின்னக் கருப்புவெள்ளைக் கேமரா, கணினியில் பிஹெச்டி2 என்ற கைடிங் மென்பொருள் இருந்தால் போதும். பிழை சராசரியாக 1 ஆர்க்செகண்டுக்குள் நின்றால் உங்கள் குவியத் தூரத்துக்குப் போதுமானது. கைடு கருவியை இறுக்கமாகப் பூட்டுங்கள். அது ஒரு மயிரிழை தொய்ந்தாலும், கைடிங் வரைபடம் அழகாக இருக்கும்போதே படத்தில் நட்சத்திரங்கள் நீளும். காரணம் தெரியாமல் பலர் பல இரவுகளை இழப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நமக்கே உரிய சிக்கல். மவுண்ட்டின் துருவ அச்சு அட்சரேகைக்குச் சமமான உயரத்தில் சாய வேண்டும். கோவையில் அது 11 டிகிரி, சென்னையில் 13. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். இதனால் மூன்று தொல்லைகள் வரும். முதலாவது, சில மவுண்ட்கள் அவ்வளவு தாழ இறங்காது. வாங்கும்முன் அதன் குறைந்தபட்ச அட்சரேகையைக் கேளுங்கள். இரண்டாவது, எதிர் எடைத் தண்டு கீழே சுழலும்போது முக்காலியின் கால்மீது இடிக்கும். எடைகளைத் தண்டின் மேல்பகுதிக்கு ஏற்றி, போதாததற்கு இன்னொரு எடை சேர்க்கலாம். அல்லது முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே ஒரு குட்டைத் தூண் போடலாம். முதல் நாள் பகலிலேயே கிழக்கு அடிவானத்திலிருந்து மேற்குவரை கையால் சுழற்றி, எங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருட்டில் மோட்டார் அதைக் கண்டுபிடித்தால் பற்சக்கரம் போய்விடும்.

மூன்றாவது தொல்லை துருவ நட்சத்திரமே. 11 டிகிரி உயரம் என்பது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தென்னையும் நிற்கிற உயரம். தெரிந்தாலும் புகையில் மங்கும். மேலும் அந்த உயரத்தில் வளிமண்டலம் ஒளியை வளைத்து, நட்சத்திரத்தை உண்மையான இடத்தைவிட 5 ஆர்க்மினிட் மேலே காட்டும். துருவப் பிழை 5 ஆர்க்மினிட் இருந்தால் நிமிடத்துக்கு 1.3 ஆர்க்செகண்ட் வரை நகர்வு வரலாம். கைடிங் அதைச் சமாளிக்கும், ஆனாலும் குறைப்பது நல்லது. ஆகவே மவுண்ட்டில் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க உள்ள துருவக் குழலை மட்டும் நம்பாமல், நினா மென்பொருளில் உள்ள மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பைப் பயன்படுத்துங்கள். வானத்தின் எந்தத் திறந்த பகுதியிலும் மூன்று படம் எடுத்து, அதில் உள்ள நட்சத்திரங்களைப் பட்டியலோடு பொருத்தி, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும். வடக்கே பார்க்கத் தேவையே இல்லை. ஒளிவிலகலுக்கான திருத்தத்தையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். இதே பொருத்தும் முறையில்தான் தொலைநோக்கி தன் இலக்கையும் கண்டுபிடிக்கும், அதனால் ஃபைண்டரில் கழுத்து வலிக்கத் தேட வேண்டியதில்லை.

கணினியே வேண்டாம் என்றால் பழைய நகர்வு முறை இருக்கிறது. தெற்கே உச்சிக்கோட்டருகில் (தலைக்கு மேல் வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) உள்ள நட்சத்திரம் வடக்கு தெற்காக நகர்ந்தால் மவுண்ட்டின் இடவலத் திருகையும், கிழக்கிலோ மேற்கிலோ தாழ உள்ள நட்சத்திரம் நகர்ந்தால் உயரத் திருகையும் சரிசெய்ய வேண்டும். அரை மணி நேரம் ஆகும், துல்லியமாக வரும்.

மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் நகரும் ஆல்ட்-அசிமுத் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. அதில் படம் மெதுவாகச் சுழலும் என்பது உண்மை. ஆனால் நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ உள்ள பொருளுக்கு அந்தச் சுழற்சி மிகக் குறைவு. சிம்ம, கன்னிக் கூட்டங்கள் நம் ஊரில் கிழக்கே எழுந்து நேராக உச்சிக்கு ஏறுவதால், 45 டிகிரி உயரத்தில் சுழற்சி மணிக்கு 2, 3 டிகிரிதான். 20, 30 விநாடிப் படங்களாக எடுத்தால் ஓரத்து நட்சத்திரங்களும் கெடாது. உச்சியைச் சுற்றி 10 டிகிரிக்குள் வரும்போது மட்டும் நிறுத்திவிட்டு, மேற்கே இறங்கியபின் தொடருங்கள்.

மொட்டைமாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவுவரை வெப்பத்தை விடும். முன்னிரவில் நட்சத்திரங்கள் வீங்கித் தெரிவது அதனால்தான். மாலையில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் ஓரளவு குறையும். தளத்தின் நடுவில் முக்காலியை வைத்தால் நடக்கும்போதெல்லாம் அதிரும். கீழே சுவரோ தூணோ தாங்கும் இடத்துக்கு மேலே வையுங்கள். படம் ஓடும்போது அருகே நடக்காதீர்கள்.

ஆடி, குவியம், எக்ஸ்போஷர்

எஃப்/5 (குவியத் தூரம் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு) நியூட்டோனியனில் படத்தின் மூலைகளில் நட்சத்திரங்கள் வால் முளைத்துத் தெரியும். கோமா கரெக்டர் என்ற லென்ஸ் அதைத் தீர்க்கும். பெரும்பாலானவற்றுக்கு அதிலிருந்து சென்சார்வரை 55 மி.மீ. இடைவெளி வேண்டும்; கேனன் கேமராவில் உள்ளிருக்கும் 44 மி.மீ. தூரமும் கேமராவை மாட்டும் டி-வளையத்தின் 11 மி.மீ. தடிமனும் சேர்ந்தால் சரியாக 55. வேறு வளையங்களை நடுவில் சேர்த்தால் அந்தக் கணக்கு கெடும். சில 130 மி.மீ. கருவிகளில் டிஎஸ்எல்ஆர் மாட்டினால் குவியமே கிடைக்காது. குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ் போட்டால் கிடைக்கும், ஆனால் எஃப்/5 எஃப்/10 ஆகி, நான்கு மடங்கு நேரம் கேட்கும். அதைவிட, பிரதான ஆடியைக் குழலுக்குள் சற்று மேலே ஏற்றுவதே சரி. ஆடிகளின் நேர்கோட்டை, அதாவது கொலிமேஷனை, ஒவ்வொரு முறை வெளியே எடுத்துப் போன பின்னும் சரிபாருங்கள்.

குவியத்துக்குப் பாஹ்டினோவ் முகமூடி, அதாவது குழல் வாயில் போடும், கோடு கோடாக வெட்டிய மூடி. பிரகாசமான நட்சத்திரத்தை நோக்கி முகமூடியைப் போட்டு, நடுக்கோடு இரு சாய்கோடுகளுக்கும் மையத்தில் வரும்வரை திருப்பி, பூட்டுத் திருகை இறுக்கி, மறுபடியும் ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும். மணிக்கொரு முறை திரும்பச் சோதியுங்கள். முகமூடியைக் கழற்ற மறக்க வேண்டாம்.

கேமராவில் ரா வடிவம், ஐஎஸ்ஓ 800 ஒட்டி, கேமராவின் தானியங்கி இரைச்சல் நீக்கம் அணைத்த நிலை. ஒரு படத்துக்கு எத்தனை விநாடி என்பதை, ஒளியளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் சொல்லும். அதன் மேடு இடது ஓரத்தை விட்டு விலகி, அகலத்தில் கால் பங்கு அருகே நிற்க வேண்டும். ஊர் விளிம்பில் 60 முதல் 90 விநாடியில் இது வந்துவிடும், இருண்ட மலையில் 180 முதல் 300 ஆகலாம். அதற்கு மேல் நீட்டினால் நட்சத்திரங்கள் வெளுத்து நிறத்தை இழக்கும். 60 விநாடியில் 240 படம் என்றால் நான்கு மணி நேரம். ஒரே இரவில் முடிய வேண்டிய அவசியமில்லை. அடுத்த அமாவாசையில் எடுத்ததையும் சேர்க்கலாம். கேமராவைச் சுழற்றாமல் அதே கோணத்தில் வைத்திருந்தால் வேலை எளிது.

வெப்பம் நம் பெரிய எதிரி. சென்சாரில் வெப்பத்தால் சேரும் போலி ஒளி, வெப்பநிலை 6 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 5 டிகிரி குளிரில் எடுப்பவருக்கும் ஏப்ரல் இரவில் 35 டிகிரி சென்சாரோடு எடுப்பவருக்கும் 32 மடங்கு வேறுபாடு. இருட்டில் மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்கள் ஓரளவு உதவும், ஆனால் டிஎஸ்எல்ஆரின் வெப்பம் இரவு முழுக்க மாறிக்கொண்டே இருப்பதால் முழுதாகப் பொருந்தாது. உண்மையான மருந்து டிதரிங். இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல் தள்ளி வைக்கும்படி பிஹெச்டி2இடம் சொல்லிவிட்டால், கெட்ட பிக்சல்கள் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழும். எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும்போது தாமாகக் கழியும். டிதரிங் இல்லாத படத்தில் சாய்வான கோடுகள் மழைபோல இறங்கியிருக்கும். எந்த மென்பொருளாலும் அதைப் பிறகு முழுதாக எடுக்க முடியாது. குளிரூட்டும் கேமரா வாங்கினாலும், பெரும்பாலானவை வெளி வெப்பத்தைவிட 35 டிகிரிதான் இறக்கும் என்பதால், 0 டிகிரியில் வைத்து அதே அளவில் டார்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீரான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் ஃப்ளாட் படங்களைத் தவிர்க்கவே கூடாது. விண்மீன் திரள் பின்னணியைவிடச் சில சதவீதமே கூடுதல் ஒளி; பட மூலைகளின் இருட்டும் சென்சார்மேல் உள்ள தூசியும் அதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். காலையில் குழலின் வாயில் சுருக்கமில்லாத வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, வெளுக்கும் வானத்தை நோக்கி 25 படம் எடுங்கள். ஹிஸ்டோகிராம் நடுவில் இருக்க வேண்டும். குவியத்தையோ கேமராவின் கோணத்தையோ தொடாதிருக்க வேண்டும். தொட்டுவிட்டால் தூசி வட்டங்கள் படத்தில் கறுப்பும் வெளுப்புமாக இரட்டையாகத் தெரியும். மூடியைப் போட்டு, கேமராவின் மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கும் பயஸ் படங்கள் ஐம்பதையும் எடுத்து வையுங்கள்.

பனி ஈரம் நம் கடற்கரை ஊர்களில் இரவு பதினொன்றுக்கே இறங்கும். நியூட்டோனியனில் முதலில் நனைவது சிறிய இரண்டாம் ஆடி. படங்கள் படிப்படியாக மங்கினால் மேகம் என்று நினைத்துவிடாதீர்கள், ஆடியைப் பாருங்கள். 12 வோல்ட் சூடேற்றும் பட்டை ஒன்று போதும். வேலை முடிந்தபின் நனைந்த கருவியை உடனே மூடிப் பெட்டியில் வைக்காதீர்கள். உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஆடியில், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் பூச்சையே அரித்துவிடும்.

அடுக்குவதும் வெளிக்கொணர்வதும்

சிரில் என்ற மென்பொருள் இலவசம், எல்லாவற்றையும் செய்யும். டார்க், ஃப்ளாட், பயஸைக் கொடுத்துச் சீராக்கி, நட்சத்திரங்களைப் பொருத்தி, சராசரியிலிருந்து மிகவும் விலகும் பிக்சல்களை ஒதுக்கும் சிக்மா வெட்டு முறையில் அடுக்குங்கள். செயற்கைக்கோள் கோடுகள் அதில் மறையும். அடுக்குமுன் மோசமான படங்களை நீக்குங்கள். பத்தில் ஒன்று போனால் நட்டமில்லை. பிறகு பின்னணிச் சரிவைக் கழிக்க வேண்டும். தெருவிளக்குப் பக்கம் வெளுத்தும் எதிர்ப்பக்கம் இருண்டும் இருக்கும் சரிவு அது. மாதிரிப் புள்ளிகளை விண்மீன் திரளின் மேலோ அதன் மங்கிய விளிம்பிலோ வைத்துவிட்டால், மென்பொருள் அந்த விளிம்பையும் வானம் என்று எண்ணிக் கழித்துவிடும். செண்டாரஸ் ஏயின் பரந்த ஒளிவட்டம் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். நிறத்தை நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சீராக்கும் வசதி சிரிலிலேயே இருக்கிறது, கண்ணால் குத்துமதிப்பாகச் செய்ய வேண்டாம். அதன் பின்தான் ஒளியை இழுத்து விரிப்பது. ஒரே இழுப்பில் செய்யாமல் நான்கைந்து சிறு இழுப்புகளாகச் செய்யுங்கள். பின்னணியை முழுக்கறுப்பாக்கினால் சுருள் கரங்களின் நுனிகளும் சேர்ந்து வெட்டுப்படும். 255இல் 20, 25 அளவில் அடர்சாம்பலாக விட்டுவிடுங்கள், அதுவே உண்மையான வானம்.

எடுத்த மூலப் படங்களை அழிக்க வேண்டாம். எம்51இல் 1994, 2005, 2011 ஆண்டுகளில் சூப்பர்நோவாக்கள் வெடித்தன. 2023 மே மாதம் எம்101இல் வெடித்ததை முதலில் கண்டவர் ஜப்பானிய ஆர்வலர் கோய்ச்சி இதகாகி. அப்படி ஒன்று நிகழும்போது, முந்தைய இரவுகளில் அதே திரளை எடுத்த படங்கள் ஆய்வாளர்களுக்குத் தேவைப்படும். அது எப்போது வெளிச்சமாகத் தொடங்கியது என்பதை அவற்றிலிருந்துதான் கணிப்பார்கள். கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருங்கள்.

மார்க்கேரியன் சங்கிலியை எடுத்து முடித்த இரவில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால், கன்னியில் வல ஏற்றம் (வானத்தில் கிழக்கு நோக்கி அளக்கும் ஆயம்) 12 மணி 29 நிமிடம், விலக்கம் வடக்கு 2 டிகிரி 3 ஆர்க்மினிட் என்ற இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்புங்கள். 12.9 மேக்னிட்யூட்டில் நீலம் கலந்த ஒரு புள்ளி இருக்கும். 30 விநாடிப் படத்திலேயே விழும், நட்சத்திரம் போலவே தெரியும். 3சி 273 என்ற குவேசார் அது. ஒரு தொலைதூர விண்மீன் திரளின் மையம். அது நட்சத்திரம் அல்ல, விண்மீன்களுக்கு அப்பால் மிக மிகத் தொலைவில் உள்ளது என்பதை 1963இல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையிலிருந்து கண்டறிந்தார். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு உங்கள் 130 மி.மீ. ஆடி போதும்.